ரோபோவைச் சதுரம் போடவைப்பது எப்படி? கோடிங்குக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முன்னே போ, வலப்பக்கம் திரும்பு. இதை நான்கு முறை செய். தாளில் வரைந்து பார்த்தால் சதுரம் வரும். இதே கட்டளையை இரண்டு சக்கர ரோபோ ஒன்றுக்குக் கொடுத்துத் தரையில் விட்டேன். கிளம்பிய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றது. நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு தவறும் கண்ணில் படவில்லை. ரோபோவிலும் பழுதில்லை. பேட்டரி, தரை, இரண்டு மோட்டார்களுக்கும் இடையே உள்ள சின்ன வேறுபாடு இவற்றையெல்லாம் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பது புரிய ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆனது.

திரையில் மட்டும் கோடிங் கற்பவருக்கு இப்படியொரு மாலை வாய்ப்பதில்லை. திரையில் 90 டிகிரி என்றால் 90 டிகிரிதான். தரையில் அது 87 ஆகவும் இருக்கும், 94 ஆகவும் இருக்கும். ரோபோ வைத்துக் கற்பதில் உள்ள தொல்லையும் இதுதான், லாபமும் இதுதான். அதனால் ஒரே ஒரு பழக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் ரோபோவை ஓடவிடும் முன், என்ன நடக்கும் என்று நோட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். 'முன்னே போய்ச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிற்கும்', இந்த அளவு போதும். அப்புறம் ஓட்டுங்கள். எழுதியதும் நடந்ததும் எங்கே பிசகின என்று தேடும்போதுதான் கோடிங் கைக்கு வரும். எழுதாமல் ஓட்டினால், நடந்ததையே 'நான் நினைத்ததும் இதுதான்' என்று மனம் சாதித்துவிடும்.

எந்த ரோபோ?

தேடினால் பத்து வகை கண்ணில் படும். இப்போதுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தை என்றால் பீ-பாட் போன்றது போதும். அதற்குத் திரை கிடையாது, முதுகில் அம்புக்குறிப் பொத்தான்கள் மட்டும். முன் அம்பை ஒருமுறை அழுத்தினால் 15 செ.மீ. நகரும்; பக்க அம்பு 90 டிகிரி திருப்பும். அழுத்திய வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு, கடைசியில் 'போ' பொத்தானை அழுத்தியதும் மொத்தமாகச் செய்துகாட்டும். கட்டளைகளை முழுவதும் யோசித்து வரிசைப்படுத்திய பிறகுதான் இயந்திரம் அசையும் என்பது நிரலாக்கத்தின் அடிப்படை. அதை ஐந்து வயதிலேயே விரல்நுனியில் உணர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எட்டு, ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, பெரியவர்களும் இதில் அடக்கம், பிளாக் முறையில் எழுதும் ரோபோ ஏற்றது. வண்ணக் கட்டைகளை இழுத்து ஒன்றோடொன்று கோத்தால் அதுவே நிரல். எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. எம்பாட் ரோபோவுக்கான எம்பிளாக் மென்பொருள் அந்த ஸ்கிராட்சிலிருந்து பிறந்ததுதான். இன்னொரு வழி மைக்ரோபிட். பிரிட்டனில் 2016-இல் பிபிசி ஏறக்குறைய 10 லட்சம் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த, நிரல் ஏற்றக்கூடிய சின்ன மின்னணுப் பலகை இது. 25 சிவப்பு எல்.இ.டி. விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவையும் திசையையும் அறியும் சென்சார்கள் எல்லாம் அதிலேயே உண்டு. அதைச் சக்கர வண்டி ஒன்றில் செருகினால் ரோபோ தயார். ஆர்டுயினோ பலகையில் கம்பி இணைத்து நீங்களே கட்டும் ரோபோ அருமையானதுதான், ஆனால் இரண்டாவது ரோபோவாக வரட்டும். முதல் முறை கட்டுபவருக்கு, தவறு கம்பியிலா நிரலிலா என்று கண்டுபிடிப்பதற்குள் ஆர்வம் போய்விடும்.

எதை எடுத்தாலும் மூன்றைப் பாருங்கள். தனித்தனி மோட்டாரில் ஓடும் இரண்டு சக்கரம், தூரம் அளக்கும் சென்சார், அடியில் தரையைப் பார்க்கும் சென்சார். சென்சார் இல்லாத ரோபோ கண்ணைக் கட்டிவிட்ட வண்டி. ஒரு வாரத்தில் அலுத்துவிடும். சென்சார் அந்த நொடியில் என்ன எண்ணைச் சொல்கிறது என்பதைத் திரையில் காட்டும் வசதியும் இருந்தால் பாதிக் குழப்பம் குறையும். இன்னொன்று: அந்த நிறுவனத்தின் கைபேசிச் செயலி இல்லாவிட்டால் ஓடவே ஓடாது என்ற வகை ரோபோவை வாங்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள். செயலியை அவர்கள் கைவிட்ட நாளில் உங்களிடம் இருப்பது வெறும் பொம்மை.

ஆடிப் பாடும் மனித உருவ ரோபோ பார்க்க அழகு. ஆனால் அந்த ஆட்டத்தை வேறு யாரோ ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டார்கள். உங்களுக்கு மிஞ்சுவது பொத்தானை அழுத்தும் வேலைதான்.

கையில் ரோபோ இன்னும் வரவில்லையா? மைக்ரோபிட்டுக்கு நிரல் எழுதும் மேக்கோட் தளத்தில் திரையிலேயே ஒரு போலிப் பலகை உண்டு. பலகை இல்லாமலே நிரலை ஓட்டிப் பார்க்கலாம். எழுத்தால் நிரல் எழுதும் பைத்தான் மொழியைத் தெரிந்துகொள்ள விரும்பினால், அதனுடன் இலவசமாகவே வரும் 'டர்ட்டில்' என்ற ஆமை கோடு போட்டுக் காட்டும். காத்திருக்கும் நாட்களுக்கு இவை போதும்.

முதல் நாள்: சக்கரம் தரையைத் தொட வேண்டாம்

ரோபோவை ஒரு சின்னப் பெட்டியின் மேலோ கனமான புத்தகத்தின் மேலோ வையுங்கள், சக்கரங்கள் காற்றில் சுழலட்டும். முதல் நிரலிலேயே மேசையிலிருந்து குதித்து அடிபட்ட ரோபோக்கள் ஏராளம்.

அடுத்து கேபிள். பழைய கைபேசியின் யூ.எஸ்.பி. கேபிள் ஒன்றை எடுத்துச் செருகியிருப்பீர்கள். விளக்கு எரியும், ஆனால் கணினிக்கு ரோபோ தெரியாது. சில கேபிள்களில் மின்சாரம் மட்டும்தான் போகும், தகவல் போகாது. மென்பொருளை மூன்று முறை நிறுவி அழிப்பதற்கு முன்னால் கேபிளை ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

முதல் நிரலில் மோட்டாரே வேண்டாம். ரோபோ உயிர்பெற்றதும் ஒரு விளக்கு எரியட்டும், அல்லது ஒரு சிரித்த முகம் தோன்றி இரண்டு நொடியில் மறையட்டும். அவ்வளவுதான். எழுதி, ரோபோவுக்கு ஏற்றி, கேபிளைப் பிடுங்கி, பேட்டரியில் ஓட்டுங்கள். ஏற்றுவது என்ற சடங்கு கைக்குப் பழக வேண்டும். அந்தச் சிரித்த முகத்தை இனி எழுதும் எல்லா நிரலிலும் முதல் வரியாக விட்டுவையுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

இரண்டாவது நிரல்: இடது மோட்டார் 1 நொடி, நிறுத்து, வலது மோட்டார் 1 நொடி, நிறுத்து. நோட்டில் ஊகத்தை எழுதிவிட்டு ஓட்டுங்கள். இடது என்று நீங்கள் சொன்னது ரோபோவின் இடதுதானா? முன்னே என்று சொன்னதும் சக்கரம் முன்னே சுழல்கிறதா? மோட்டார் கம்பியை மாற்றிச் செருகியிருந்தால் பின்னால் சுழலும். இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. கேபிளில் இருக்கும்போது மோட்டார் அசையவே இல்லையென்றால் பேட்டரிச் சுவிட்சைப் பாருங்கள். பல ரோபோக்களில் யூ.எஸ்.பி. பலகைக்கு மட்டுமே மின்சாரம் தரும், மோட்டாருக்குத் தராது.

இப்போது வேண்டுமென்றே கடைசி 'நிறுத்து' கட்டளையை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான ரோபோக்களில் நிரல் முடிந்த பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். 'மோட்டாரை ஓட்டு' என்றால் ஓட்டத் தொடங்கு என்றுதான் அதற்குப் பொருள். யாராவது நிறுத்து என்று சொல்லும்வரை அது ஓடும். நாம் சொல்லாமல் விட்டதை ரோபோ தானாகப் புரிந்துகொள்ளாது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

சதுரம்

சரி, இப்போது தரைக்கு வாருங்கள். சதுரத்துக்கு வேண்டியவை இரண்டு: பக்கத்தின் நீளம், திருப்பத்தின் அளவு. சக்கரச் சுற்றை எண்ணும் என்கோடர் உள்ள ரோபோவிடம் '40 செ.மீ. போ' என்றே சொல்லலாம். பெரும்பாலான எளிய ரோபோக்களில் அது இல்லை. இத்தனை வேகத்தில் இத்தனை நொடி ஓடு என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஆகவே நொடியைத் தூரமாக மாற்றும் கணக்கு நம் தலையில்.

அளவுநாடாவைத் தரையில் நீட்டி ஒட்டுங்கள். பாதி வேகத்தில் 1 நொடி, 2 நொடி, 3 நொடி என மூன்று முறை ஓட்டி, நின்ற இடத்தைக் குறியுங்கள். எனக்கு 17, 37, 57 செ.மீ. வந்தது. முதல் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு நொடிக்கு 34 வரும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். 3 செ.மீ. எங்கிருந்து கூடியது? கூடவில்லை, முதல் நொடியில்தான் குறைந்திருக்கிறது. நின்றிருக்கும் மோட்டார் வேகம் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கிறது. அந்த நட்டம் ஒவ்வொரு கிளம்பலுக்கும் ஒருமுறை. அதாவது இந்த ரோபோ நொடிக்கு 20 செ.மீ. ஓடும், கிளம்பும்போது 3 செ.மீ. விட்டுவிடும். எனக்கு 40 செ.மீ. பக்கம் வேண்டும் என்றால் 43-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும்: 2.15 நொடி. உங்கள் ரோபோவுக்கு வேறு எண்கள் வரும், கணக்கு இதேதான்.

நேராகப் போகச் சொன்னால் ஒரு பக்கமாகச் சாய்கிறதா? ஒரே பெட்டியிலிருந்து வந்த இரண்டு மோட்டார்கள்கூட ஒரே வேகத்தில் சுழலாது. இடப்பக்கம் சாய்ந்தால் வலது சக்கரம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். அதன் வேக எண்ணை 50-லிருந்து 49-க்கு இறக்குங்கள். மறுபடி ஓட்டுங்கள். ஒரேயடியாகச் சரியாக்கப் பார்க்காமல் ஒவ்வொரு எண்ணாக நகர்த்துங்கள்.

திருப்பம்தான் சதுரத்தைக் கெடுப்பது. ஒரு சக்கரம் முன்னேயும் மற்றது பின்னேயும் சுழன்றால் ரோபோ நின்ற இடத்திலேயே திரும்பும். சக்கரங்களுக்கு நடுவே 12 செ.மீ. இடைவெளி இருந்தால், 90 டிகிரிக்கு ஒவ்வொரு சக்கரமும் சுமார் 9.4 செ.மீ. உருள வேண்டும். கணக்கு சரி, ஆனால் சக்கரம் வழுக்கும், பின்னால் ரோபோவைத் தாங்கும் உருளும் குண்டு உரசும். அதனால் அளந்துதான் ஆக வேண்டும். இங்கே ஒரு உபாயம். ஒரே ஒரு திருப்பத்தைப் பார்த்துச் சரிசெய்யாதீர்கள். 5 டிகிரிப் பிழை கண்ணுக்கு எளிதில் தெரியாது. எட்டு முறை திருப்புங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை நொடி நிறுத்தி. இரண்டு முழுச் சுற்று முடிந்து கிளம்பிய திசையையே பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 5 டிகிரி பிசகினால் மொத்தம் 40 டிகிரி தள்ளி நிற்கும். அது யாருக்கும் தெரியும். அந்த 40-ஐ எட்டால் வகுத்தால் ஒரு திருப்பத்தின் பிழை கையில்.

இப்போது நிரலை எழுதலாம். 'முன்னே, திரும்பு' என்ற ஜோடியை நான்கு முறை ஒட்டாமல், ஒருமுறை எழுதி 'நான்கு முறை செய்' என்ற லூப் பிளாக்குக்குள் போடுங்கள்; உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் லூப். 2.15 என்ற எண்ணை நேரடியாக எழுதாமல் 'பக்கநேரம்' என்ற மாறியில், அதாவது எண்ணைப் போட்டுவைக்கும் பெயரிட்ட பெட்டியில் வையுங்கள், திருப்பத்துக்கு 'திருப்பநேரம்'. பேட்டரி இறங்கிய நாளில் எண் மாறும். அன்றைக்கு ஒரே இடத்தில் திருத்தினால் போதும். மாறி எதற்கு என்று பாடப்புத்தகம் நான்கு பக்கம் விளக்கும். பேட்டரி இறங்கிய ரோபோ இரண்டே நிமிடத்தில் விளக்கிவிடும்.

ரோபோவின் நடுவே பேனா செருகத் துளை இருந்தால், பெரிய தாள் ஒன்றை விரித்து அதன்மேல் ஓட்டுங்கள். துளை இரண்டு சக்கரங்களின் நட்டநடுவில் இருந்தால் மூலை கூராக வரும். பேனாவைப் பின்னால் கட்டிவைத்திருந்தால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு வளைவு விழும். அது நிரலின் தவறல்ல.

சதுரம் வந்ததும் எல்லாரும் கேட்பது முக்கோணம். 'மூன்று முறை செய்' என்று மாற்றுவார்கள், திருப்பம் 60 டிகிரி என்று எழுதுவார்கள். முக்கோணத்தின் கோணம் 60 என்று கணக்கு வகுப்பில் படித்தோமே! ஓட்டினால் அறுகோணத்தின் பாதிதான் வரும். ஏன் என்று யோசிக்க உட்கார வேண்டாம், எழுந்து நில்லுங்கள். தரையில் சாக்பீஸால் முக்கோணம் வரைந்து, அதன் மேல் நீங்களே ரோபோவாக நடந்து பாருங்கள். முதல் பக்கத்தின் முடிவில், போய்க்கொண்டிருந்த திசையிலிருந்து எவ்வளவு உடம்பைத் திருப்புகிறீர்கள்? 120 டிகிரி. உள்ளே இருக்கும் 60 ரோபோவுக்கு ஒரு பொருட்டே இல்லை. அது தன் முகம் பார்க்கும் திசையிலிருந்துதான் திரும்பும். சுற்றி முடித்து வீடு வந்து சேர மொத்தம் 360 திரும்ப வேண்டும். நான்கு பக்கம் என்றால் 90, மூன்று என்றால் 120, ஆறு என்றால் 60.

இப்படி உடம்பால் நடந்து பார்த்துக் கணக்கைப் புரிந்துகொள்வது பழைய யோசனை. வாலி ஃபியூர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் 1967-இல் குழந்தைகளுக்காக லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். அதை வைத்துத் தரையில் ஓடிக் கோடு போட்ட ரோபோவுக்கு ஆமை என்று பெயர். 1940-களின் இறுதியில் பிரிஸ்டலில் கிரே வால்டர் செய்த, வெளிச்சத்தைத் தேடி ஊர்ந்த இயந்திர ஆமைகளிடமிருந்து வந்த பெயர் அது. பைத்தானில் இன்றும் ஓடும் டர்ட்டில் இந்த வம்சத்தின் வாரிசுதான்.

சுவர்

சதுரம்வரை ரோபோ குருடு. இனி அது பார்க்கும். முன்னால் இரண்டு கண் போல இருப்பது மீயொலி சென்சார். ஒன்று நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும், மற்றது எதிரொலிக்குக் காத்திருக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சுவர் 20 செ.மீ. தூரத்தில் இருந்தால் ஒலி போய்வர 40 செ.மீ.; அதற்கு ஆயிரத்தில் ஒரு நொடியைவிடச் சற்றே கூடுதல் நேரம். இந்தக் கணக்கையெல்லாம் பிளாக்கே போட்டுவிட்டு 20 என்ற எண்ணை நம்மிடம் தரும்.

முதலில் மோட்டாரை ஓட்டாமல் எண்ணை மட்டும் பாருங்கள். கையை முன்னே காட்டுங்கள். மெத்தை, திரைச்சீலை, சரிந்த அட்டை என்று ஒவ்வொன்றாக வையுங்கள். மெத்தென்ற துணி ஒலியை விழுங்கும். சரிந்த பரப்பு அதை வேறு பக்கம் திருப்பிவிடும். எதிரொலி வராதபோது சில ரோபோக்கள் உச்ச எண்ணைச் சொல்லும், சில 0 என்று சொல்லும். 0 சொல்லும் ரகம் என்றால், திறந்த வெளியில் மூக்கின்மேல் சுவர் வந்துவிட்டதாக நினைத்து நிற்கும். உங்களுடையது எந்த ரகம் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் எழுதும் முதல் நிரல் அநேகமாக இப்படி இருக்கும்: முன்னே ஓட்டு, தூரம் 15-க்குக் குறைவு என்றால் நிறுத்து. ரோபோ நேரே போய்ச் சுவரில் முட்டும். 'நான்தான் சொன்னேனே' என்று நமக்குக் கோபம் வரும். சொன்னோம்தான், ஆனால் ஒரே ஒரு முறை, கிளம்பிய கணத்தில். அப்போது சுவர் தூரத்தில் இருந்தது; கேள்விக்குப் பதில் 'இல்லை' என்று முடிந்துவிட்டது. அப்புறம் யாரும் கேட்கவில்லை. கேள்வி லூப்புக்குள் இருக்க வேண்டும்:

எப்போதும்:
  தூரம் 15-க்குக் குறைவு என்றால்
    மோட்டார்களை நிறுத்து
  இல்லையென்றால்
    மோட்டார்களை முன்னே ஓட்டு

இதைப் போட்ட பிறகும் முட்டினால், 'முன்னே ஓட்டு' என்ற இடத்தில் 'முன்னே 2 நொடி ஓட்டு' என்ற பிளாக்கை வைத்திருப்பீர்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாவது மோட்டாரை முடுக்கிவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போகும். இரண்டாவதில், அந்த 2 நொடி முடியும்வரை நிரல் அதே வரியில் நின்றுவிடும். சக்கரம் சுழலும், ஆனால் கேள்வி கேட்க ஆளில்லை. நொடிக்கு 20 செ.மீ. என்றால் ரோபோ கண்ணை மூடிக்கொண்டு 40 செ.மீ. ஓடியிருக்கும். லூப்புக்குள் 'அரை நொடி காத்திரு' என்று போட்டாலும் இதே கதை: ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே 10 செ.மீ. போய்விடும். 15-இல் நிற்கச் சொன்ன ரோபோ, ஒருமுறை 14-லும் மறுமுறை 6-லும் நிற்பதன் ரகசியம் இதுதான். இந்த ஒரு விஷயம் உறைக்க இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை, அங்கேயே இருங்கள். கைபேசிச் செயலி எழுதினாலும் விளையாட்டு எழுதினாலும் இதே சிக்கல் வேறு வேடத்தில் வந்து நிற்கும்.

நின்றதும் பின்வாங்கித் திரும்பி வேறு பக்கம் போகச் சொல்வது ஒரு சின்னச் சேர்க்கை. அதைச் செய்தால் அறைக்குள் தானே சுற்றும் ரோபோ கிடைக்கும்.

தகராறு செய்யும்போது

ஓடத் தொடங்கிய ரோபோ சட்டென நின்று, மறுபடி முதலிலிருந்து கிளம்புகிறதா? அந்தச் சிரித்த முகம் மீண்டும் தோன்றுகிறதா? அப்படியென்றால் பலகை அணைந்து மறுபடி உயிர்பெற்றிருக்கிறது. மோட்டார்கள் கிளம்பும் கணத்தில் நிறைய மின்சாரத்தை இழுக்கும். தளர்ந்த பேட்டரி அப்போது பலகையைப் பட்டினி போட்டுவிடும். முகம் இல்லாவிட்டால் நிரலில் பிழை தேடி ஒரு நாள் போயிருக்கும். நான்கு ஏ.ஏ. அல்கலைன் பேட்டரிகள் புதிதாக 6 வோல்ட் தரும். அதே இடத்தில் மறுபடி சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரிகள் 4.8 வோல்ட்தான். ஒன்றை மாற்றி மற்றதைப் போட்டால் சதுரத்தின் எண்கள் எல்லாம் மாறும். லித்தியம் பேட்டரி உள்ளது என்றால் ஒரு எச்சரிக்கை: உப்பியிருந்தால் தொடாதீர்கள், சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

மற்றபடி எது கெட்டாலும் நான் பார்க்கும் வரிசை: மின்சாரம், கம்பி, கடைசியாக எழுதிய நிரல் உண்மையிலேயே ரோபோவுக்குள் ஏறியதா, அப்புறம்தான் நிரல். மூன்றாவதை எல்லாரும் மறப்பார்கள். திரையில் திருத்திவிட்டு ஏற்றாமல் பழைய நிரலையே பத்து முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றி, சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது.

கோடு

வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்பு இன்சுலேஷன் டேப்பின்மேல் ரோபோவை ஓடவைப்பது அடுத்த படி. அடியில் உள்ள சென்சார் அகச்சிவப்பு ஒளியைக் கீழே வீசித் திரும்பி வருவதை அளக்கும். வெள்ளை நிறையத் திருப்பித் தரும், கறுப்பு விழுங்கிவிடும். வெள்ளையில் வைத்து ஒரு எண், கறுப்பில் வைத்து ஒரு எண் குறியுங்கள். வெள்ளை 820, கறுப்பு 190 என்று வைத்துக்கொள்வோம். நடு எண் 505. (சில பலகைகளில் எண் தலைகீழாக வரும், சில வெறும் 0, 1 மட்டும் சொல்லும்.) வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. சன்னல் ஓரம் காலையில் அளந்த எண் மதியம் பொய்யாகலாம். ஓட்டும் இடத்திலேயே, ஓட்டும் நேரத்திலேயே அளங்கள்.

ஒரே ஒரு சென்சார் போதும், ஆனால் கோட்டின் நடுவைப் பின்தொடர முடியாது. நடுவிலிருந்து விலகினால் இடப்பக்கம் விலகினோமா வலப்பக்கமா என்று அதற்குத் தெரியாது, இரண்டும் வெள்ளைதான். விளிம்பைப் பின்தொடருங்கள். கோட்டின் வலது விளிம்பு என்றால், வெள்ளை தெரிந்தால் இடப்பக்கம் திரும்பு, கறுப்பு தெரிந்தால் வலப்பக்கம் திரும்பு. ரோபோ குடித்தவன் போலத் தள்ளாடிக்கொண்டே போகும், ஆனால் போகும்.

தள்ளாட்டம் குறைய, எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு மட்டும் திருப்ப வேண்டும். சென்சார் எண்ணிலிருந்து 505-ஐக் கழித்து, 0.1-ஆல் பெருக்கி, அதைத் 'திருத்தம்' என்ற மாறியில் வையுங்கள். இடது மோட்டார் 40 கழித்தல் திருத்தம், வலது மோட்டார் 40 கூட்டல் திருத்தம். சென்சார் 605 சொன்னால் திருத்தம் 10; இடது 30, வலது 50; ரோபோ மெல்ல இடப்பக்கம், கோட்டை நோக்கிச் சாயும். 505 சொன்னால் திருத்தம் 0, நேராகப் போகும். அந்த 0.1-ஐ 0.3 ஆக்கினால் என்ன ஆகும், 0.02 ஆக்கினால் என்ன ஆகும்? ஊகத்தை எழுதிவிட்டு ஓட்டுங்கள். ஒன்று வெடவெடவென்று உதறும், மற்றது முதல் வளைவிலேயே கோட்டைக் கைவிட்டுவிடும். எந்த எண்ணில் எது என்று ஓட்டும் முன்பே சரியாகச் சொல்லிவிட்டால், நீங்கள் புதியவர் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

எழுத்துக்கு மாறுவது

பிளாக்குகளிலிருந்து பைத்தானுக்கு எப்போது மாறுவது என்று கேட்பார்கள். பிளாக்குகளைத் தேடி இழுப்பதே எரிச்சலாக ஆகும் நாளில். அதற்கு முன் அவசரப்படுவதால் பயனில்லை, பிளாக்கும் நிஜ நிரலாக்கம்தான். மாறும்போது புதிய மொழியையும் புதிய சிக்கலையும் ஒன்றாக எடுக்க வேண்டாம். ஏற்கெனவே ஓடிய சதுரத்தையே பைத்தானில் எழுதுங்கள். மேக்கோட்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் நீங்கள் கோத்த பிளாக்குகள் பைத்தானாகத் தெரியும். அதைப் பார்த்து எழுதுவதில் வெட்கமில்லை. பைத்தானில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. லூப்புக்குள் இருக்க வேண்டிய வரி உள்தள்ளியும், வெளியே இருக்க வேண்டியது விளிம்போடும் நிற்கும். வழக்கம் நான்கு இடைவெளி. 'நிறுத்து' என்ற வரி தவறி உள்ளே போய்விட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நிற்கும், வெளியே இருந்தால் கடைசியில் ஒருமுறை.

குழந்தையோடு உட்கார்ந்து கற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மவுஸைப் பிடுங்காதீர்கள். நோட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 'என்ன செய்யும்னு நினைக்கிறே?' என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதுங்கள். தவறான ஊகம் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் வாயைத் திறக்க வேண்டாம், ரோபோ சொல்லிக்கொள்ளும்.

இதுவரை வந்தவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை. ரோபோ கோட்டைப் பின்தொடர்ந்து போக வேண்டும். குறுக்கே கை வைத்தால் நிற்க வேண்டும், முட்டக் கூடாது. கையை எடுத்ததும், யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல், விட்ட இடத்திலிருந்து கோட்டைத் தொடர வேண்டும். புதிய பிளாக் எதுவும் தேவையில்லை. கோட்டுக்கு எழுதியதும் சுவருக்கு எழுதியதும் போதும். எந்தக் கேள்வி எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதை மட்டும் முதலில் தாளில் எழுதுங்கள்.